சோப்பும் பாலும்: யூனிலீவர், நெஸ்லே உமிழ்வுக் கணக்குகள் பிரியும் இடம்

நுகர்பொருள் நிறுவனங்களின் பசுமை இல்ல வாயு வாக்குறுதிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் இலக்கு ஆண்டைத்தான் பார்க்கிறார்கள். யூனிலீவர் 2039க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது உமிழ்வைக் குறைத்து மிஞ்சுவதை ஈடுகட்டும் நிலை, என்கிறது. நெஸ்லே 2050க்குள் என்கிறது. இதை வைத்து யூனிலீவர் 11 ஆண்டுகள் முந்திவிட்டது என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் கணக்கு எங்கே முடிகிறது என்று பார்க்காமல் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நிறுவனத்தின் உமிழ்வை ஸ்கோப் என்ற மூன்று வகைகளாகப் பிரிக்கிறார்கள். சொந்த ஆலையில் எரியும் எரிபொருள் ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மூலப்பொருள், சரக்குப் போக்குவரத்து, வாங்கியவர் வீட்டில் பொருள் பயன்படும் விதம், கடைசியில் சேரும் குப்பை ஆகியவை ஸ்கோப் 3. இவ்விரு நிறுவனங்களுக்கும் பெரும் சுமை இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

யூனிலீவர் 2020இல் அறிவித்த 2039 இலக்கு, மூலப்பொருளில் தொடங்கிக் கடை அலமாரியோடு நின்றுவிடுகிறது. சோப்பும் ஷாம்பூவும் உண்டாக்கும் உமிழ்வின் பெரும்பகுதியோ அதற்குப் பிறகுதான், குளியலறை வெந்நீரில் பிறக்கிறது. ஒரு வாளிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.35 யூனிட் மின்சாரம் வேண்டும்; நிலக்கரியை நம்பியிருக்கும் இந்திய மின்தொகுப்பில் அது சுமார் 250 கிராம் கரியமில வாயு. பல நாள் தேய்த்துக் குளிக்கும் 100 கிராம் சோப்புக் கட்டியைவிட, ஒரே ஒரு குளியலின் வெந்நீர் வெளியிடும் வாயு எடையில் இரண்டரை மடங்கு! அதே சோப்பைப் பச்சைத் தண்ணீரில் தேய்த்துக் குளிப்பவர் வீட்டில், தண்ணீரை மேலேற்றும் மோட்டார் செலவு தவிர இந்தக் கணக்கே எழுவதில்லை.

இது அந்நிறுவனம் அறியாததல்ல. பால் போல்மன் தலைமையில் 2010இல் வெளியிட்ட திட்டத்தில், வாங்கியவரின் பயன்பாட்டையும் சேர்த்தே, ஒரு முறை பயன்படுத்துவதற்கான சுற்றுச்சூழல் தாக்கத்தைப் பாதியாக்குவதாக அது உறுதி அளித்திருந்தது. ஆலைகளின் உமிழ்வு நன்றாகக் குறைந்தபோதும், அந்தப் பயன்பாட்டுக் கணக்கு முதல் சில ஆண்டுகளில் குறைவதற்குப் பதில் கூடியது. அந்த நேர்மையான, கடினமான அளவுகோல் 2039 இலக்கில் இடம்பெறாதது எனக்கு இழப்பாகவே படுகிறது.

நெஸ்லேயின் பாரம் வேறிடத்தில் இருக்கிறது. 2018ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு 2020 டிசம்பரில் அது வெளியிட்ட திட்டத்தின்படி, மொத்த உமிழ்வு 113 மில்லியன் டன்; அதில் 92 மில்லியன் டன் வாக்குறுதிக்குள் வருகிறது. காப்பி போட நாம் கொதிக்கவைக்கும் தண்ணீர் முதலியவை வெளியே நிற்கின்றன. ஆனாலும் விடுபட்டது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரும்பங்கு விவசாயத்தில், அதிலும் குறிப்பாகப் பாலில் இருக்கிறது. மாடு அசைபோடும்போது ஏப்பமாக வெளிவரும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் 27 மடங்குக்குக் குறையாமல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். தீவனத்தை மாற்றுவதும் சாணத்தைக் கையாள்வதும் பண்ணைக்காரரின் கையில் இருக்கின்றன; பால் வாங்கும் நிறுவனம் விலையையும் நிபந்தனையையும் கொண்டு அதில் தலையிட முடியும். உமிழ்வை 2025க்குள் 20 சதவீதம், 2030க்குள் 50 சதவீதம் குறைப்பது என்ற இடைக்கால இலக்குகளும் இருப்பதால், 2050 வரை காத்திராமல் கேள்வி கேட்கலாம்.

டைட், ஏரியல் சலவைத்தூள்களைத் தயாரிக்கும் ப்ராக்டர் அண்ட் கேம்பிளின் 2040 நிகர பூஜ்ஜிய இலக்கும் கடையோடு முடிகிறது. குளிர்நீரில் துவைக்கும்படி அது விளம்பரம் செய்தாலும், சலவை இயந்திரம் அந்த இலக்குக்கு வெளியேதான்.

எல்லை வரைந்த விதத்தில் நெஸ்லேயே எனக்கு மேலாகத் தெரிகிறது. தன் எடை எங்கே இருக்கிறதோ அங்கேயே அது கோட்டைப் போட்டிருக்கிறது. யூனிலீவர் 2024இல் நிலம், பண்ணை சார்ந்த உமிழ்வுக்குத் தனி இலக்கு வைத்தது நல்ல முன்னேற்றம். வெந்நீர் முழுவதையும் அதன் தலையில் கட்டுவது நியாயமல்ல. மின்தொகுப்பு அரசுகளின் பொறுப்பு. ஆனால் குறைந்த தண்ணீரில் அலசினாலே போகும் சோப்பையும் ஷாம்பூவையும் வடிவமைப்பது அதன் ஆய்வகத்தால் ஆகக்கூடியது. அந்த வேலைக்கும் ஓர் ஆண்டு, ஓர் அளவு என்று 2039க்குப் பக்கத்திலேயே அது எழுதிவைக்க வேண்டும்.