ஒன்பது வருடமாக என் கையில் இருக்கும் ஷிராகாஷி இழைப்புளி

ஜப்பானின் குன்மா மாகாணத்துக்கு 2016-ல் வேலைக்கு வந்தேன். அடுத்த மாதமே இந்த இழைப்புளியை வாங்கிவிட்டேன். இங்கே ‘கன்னா’ என்பார்கள். அலகின் அகலம் 70 மில்லிமீட்டர். கைப்பிடியோ திருகோ கிடையாது. ஒரே மரக்கட்டை, அதில் வெட்டிய சாய்பள்ளத்தில் ஆப்பு மாதிரி இறங்கி உட்காரும் அலகு, அவ்வளவுதான். நம் ஊர் இழைப்புளியைத் தள்ளுவோம், இதை நம் பக்கம் இழுக்க வேண்டும்.

அலகைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்குக் கட்டையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அது ஷிராகாஷி, ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் ஓக் வகை. இங்கே பழைய பண்ணை வீடுகளைச் சுற்றி இதே மரத்தை உயரமான வேலியாக வளர்த்து, சுவர் போலக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அகாகி மலைப்பக்கமிருந்து வறண்ட காற்று வீசும்; அதைத் தடுக்க அப்போதும் இலையோடு நிற்கும் மரம்தானே வேண்டும்! இப்படிப் பச்சையாகவே நிற்கும் ஓக் வகைகளின் பொதுப்பெயரான ‘காஷி’ என்பதை எழுதும் எழுத்தே, மரம், கடினம் என்ற இரண்டு குறிகள் சேர்ந்தது.

அந்தக் காற்றுதான் என் கட்டையையும் சோதித்தது. முதல் ஜனவரியில் அலகை இறுக்கி அடித்தபடியே ஹீட்டர் ஓடும் அறையில் வைத்துவிட்டேன். மரம் சுருங்கியது, எஃகு சுருங்குமா? அலகின் நுனி அடியில் எட்டிப்பார்க்கும் வாயின் ஓரத்தில் தலைமுடி கனத்தில் ஒரு வெடிப்பு. மனசே விட்டுப்போயிற்று. பக்கத்துப் பட்டறைத் தச்சர் பார்த்துவிட்டு, “அலகுக்கு இரண்டு பக்கமும் ஒரு தாள் நுழையுமளவு இடம் விடுங்கள்” என்றார். பள்ளத்தின் ஓரங்களைச் செதுக்கினேன். வெடிப்பு இன்றும் அதே நீளம்தான். வேலை முடிந்ததும் அலகு சாய்ந்திருக்கும் முனையில் இடமும் வலமுமாகத் தட்டி அதைத் தளர்த்திவைப்பதும் அன்றிலிருந்து வந்த பழக்கம்.

ஜூன் மழையில் கட்டை ஊதும், அடிப்பரப்பு கோணும். இரும்பு அளவுகோலை வைத்து வெளிச்சத்தில் பார்த்துச் சுரண்டிச் சரிசெய்ய வேண்டும். வருடத்துக்கு நாலைந்து முறை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பவர்களுக்கு இது சரிப்படாது. இரும்பு உடல் இழைப்புளியே நல்லது.

ஆனால் தேய்மானம்? ஒன்பது வருடம் ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரப் பலகைகள் மேல் ஓடியும் விளிம்புகள் மழுங்கவில்லை. வெளிறிய வைக்கோல் நிறத்தில் வந்த கட்டை, உள்ளங்கை படும் இடத்தில் தேன் நிறமாகிவிட்டது. பக்கவாட்டில் அரிசி அரிசியாக மின்னும் கீற்றுகள் இப்போதுதான் நன்றாகத் தெரிகின்றன. அலகை ஒட்டி ஒரு கறுப்புக் கறையும் உண்டு. ஓக்கில் உள்ள டானின், ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் மை போலக் கறுத்துவிடும். வியர்வைக் கையோடு வேலை செய்ததன் அடையாளம் அது. உரித்தெடுக்க மனம் வரவில்லை.

சுரண்டிச் சுரண்டி வாய் கொஞ்சம் அகன்றுவிட்டது. குறுக்கிழை உள்ள இடத்தில் சிம்பு பெயர்கிறது. வாயில் ஒரு துண்டு பதித்தால் சரியாகிவிடும். போன வருடம் உடைந்த என் சுத்தியல் காம்பும் காஷிதான், அதை எடுத்துவைத்திருக்கிறேன். மழைக்காலம் கழிந்து கட்டை ஈரம் இறங்கியதும் அதிலிருந்து அறுத்துப் பதிக்கப்போகிறேன்.