ஜியோமெட்ரி டேஷ்: காதை நம்பி ஆட வேண்டிய ஆட்டம்

2013 ஆகஸ்டில் கைபேசிகளுக்கும் அடுத்த ஆண்டின் இறுதியில் கணினிக்கும் வெளிவந்த ஜியோமெட்ரி டேஷ், சுவீடனைச் சேர்ந்த ராபர்ட் டொபாலாவின் படைப்பு. திரையைத் தொட்டால் ஒரு சதுரம் தாவும். தொடாவிட்டால் அது தன்பாட்டுக்கு வலப்புறம் ஓடிக்கொண்டே இருக்கும். முள்ளிலோ கட்டையின் பக்கவாட்டிலோ மோதினால் வெடித்துச் சிதறி, லெவலின் தொடக்கத்துக்கே திரும்பிவிடும். விதி இவ்வளவுதான். இத்தனை சிறிய விதியோடு பத்தாண்டுகளுக்கு மேலாக ஆட்டக்காரர்களைக் கட்டிப்போட்டிருக்கும் இதன் பலமும் பலவீனமும், அது தன் இசையை எந்த அளவுக்கு நம்பி நிற்கிறது என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

சதுரத்தின் வேகத்தை ஆட்டக்காரர் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆகவே ஒரு முள் எவ்வளவு தொலைவில் நிற்கிறதோ, பாட்டின் எந்த நொடியில் அது எதிர்ப்படும் என்பதும் அதிலேயே முடிவாகிவிடுகிறது. லெவலை அமைப்பவர் கட்டைகளை அடுக்குவதாகத் தோன்றினாலும் அவர் அடுக்குவது தாளத்தைத்தான். ஃபாரெவர்பவுண்ட் என்னும் இசையமைப்பாளரின் பாட்டுக்கு அமைந்த ஸ்டீரியோ மேட்னஸ் என்னும் முதல் லெவல், ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் இதை ஒரு சொல்கூட எழுதிக் காட்டாமல் புரியவைத்துவிடுகிறது. அடுத்து வரும் பேக் ஆன் டிராக் தரையில் துள்ளுபலகைகளையும், போலார்கைஸ்ட் அந்தரத்தில் தொட்டுத் தாவ வேண்டிய வளையங்களையும், டிரை அவுட் புவியீர்ப்பைத் தலைகீழாக்கும் வாயில்களையும் ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துகின்றன. புதிய பொருள் ஒவ்வொன்றும் முதலில் ஆபத்தில்லாத இடத்தில் வந்து, பிறகே முட்களுக்கு நடுவே வருகிறது. ஆட்டக்காரரை மதிக்கும் வடிவமைப்பு இது.

கடினம் என்று சொல்லப்படும் ஆட்டங்களில் பல, எதிரியின் தற்செயலான அசைவையோ அதிர்ஷ்டத்தையோ நம்பியிருக்கின்றன. இங்கே தற்செயலுக்கு இடமே இல்லை. இதே முள், இதே நொடியில், இதே தாளத்தில் எப்போதும் வரும். இறந்ததும் பாட்டும் முதலிலிருந்தே தொடங்குவதால், ஜதி பழகும் மாணவர் பிசகிய இடத்தில் தொடராமல் எடுப்பிலிருந்து மீண்டும் சொல்லிப் பார்ப்பதுபோல, முழுப் பகுதியும் திரும்பத் திரும்ப உடம்பில் ஏறுகிறது. எத்தனையாவது முயற்சி என்பதையும், எத்தனை விழுக்காடு தூரம் கடந்தோம் என்பதையும் ஆட்டம் திரையில் காட்டிக்கொண்டே இருப்பது உற்சாகமா அவமானமா என்பது அவரவர் மனநிலையைப் பொறுத்தது. 97 விழுக்காட்டில் இறந்தவரிடம் அதைக் கேட்காமலிருப்பது நல்லது.

இந்தச் செவிப்பயிற்சிக்கு ஆட்டமே குறுக்கே நிற்கும் இடம் ஒன்று உண்டு. பயிற்சி முறையில் நாம் விரும்பிய இடத்தில் பச்சைநிற அடையாளங்களை ஊன்றிக்கொண்டு, இறந்தால் அங்கிருந்தே தொடரலாம். ஆனால் அப்போது லெவலின் சொந்தப் பாட்டு நின்று, அதற்குத் தொடர்பில்லாத வேறொரு மென்மையான இசை ஒலிக்கும். காதால் கற்க வேண்டிய பாடத்தைக் காதை மூடிக்கொண்டு கற்கச் சொல்வது இது. சொந்தப் பாட்டையே பயிற்சியிலும் ஒலிக்கவிடும் வசதி பின்னாளில் வந்துவிட்டது என்றாலும், தொடக்கத்திலிருந்தே இயல்பாக இருந்திருக்க வேண்டியது அது.

நியான் ஒளியில் மின்னும் காட்சிகளைப் பற்றி எனக்கு இரு மனம். முதல் சில லெவல்களில் கருமையான கட்டைகளின் ஓரங்கள் மட்டும் ஒளிர்கின்றன. பாட்டின் ஒரு பகுதி முடிந்து அடுத்தது எழும்போது பின்னணி நீலத்திலிருந்து ஊதாவுக்கோ பச்சைக்கோ மாறுகிறது. வளையங்கள் தாளத்தோடு சேர்ந்து சுருங்கி விரிகின்றன. இங்கே நிறம் இசைக்குத் துணை செய்கிறது. எஃப்-777 இசையமைத்த டெட்லாக்ட் போன்ற பிந்தைய லெவல்களிலோ ஒளித் துடிப்புகளும் அலங்காரங்களும் பெருகி, எது தரை, எது வெறும் ஓவியம் என்று பிரித்தறிவதே தனிச் சோதனையாகிவிடுகிறது. பயனர்கள் உருவாக்கும் லெவல்களில் இந்த மோகம் இன்னும் அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு அலங்காரத்தைக் குறைத்துக்கொள்ளும் வாய்ப்பு தரப்பட்டிருப்பது ஓர் ஆறுதல். மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் இந்த ஆட்டத்தைத் தவிர்த்துவிட வேண்டும்.

மிகக் கடினமான ‘டீமன்’ தரத்திலான கிளப்ஸ்டெப் என்னும் லெவலைத் திறக்க 10 ரகசிய நாணயங்கள் வேண்டும். லெவலுக்கு மூன்றாக ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் இவற்றை எடுக்க, பழகிய பாதையை விட்டு விலகி, கைக்குப் படிந்த தாளத்தை வேண்டுமென்றே உடைக்க வேண்டியிருக்கிறது. முடித்துவிட்ட லெவல்களுக்கு இதனால் மறுபிறவி கிடைக்கிறது. நாணயம் சேர்ப்பதில் நாட்டமில்லாதவருக்கோ இது பூட்டிய கதவு மட்டுமே.

புளூடூத் ஹெட்போனில் இதை ஆட வேண்டாம். ஒலி ஒரு கணம் பிந்தி வந்தாலும், காது சொல்வதும் கண் காண்பதும் ஒன்றோடொன்று சண்டையிடத் தொடங்கிவிடும். கம்பியுள்ள சாதாரண இயர்போன் போதும்.

2023 டிசம்பரில், ஏறக்குறைய ஏழாண்டுக் காத்திருப்புக்குப் பின் வந்த 2.2 பதிப்பு, இடமும் வலமும் நம் விருப்பப்படி நடக்கவிடும் பிளாட்ஃபார்மர் முறையைச் சேர்த்தது. அதற்கென அமைந்த நான்கு கோபுர லெவல்களும் நேர்த்தியானவை, நிழலும் ஒளியும் அழகாகக் கையாளப்பட்டவை. ஆனால் ஆட்டக்காரர் நின்று யோசிக்கலாம் என்றானதும், தொலைவுக்கும் நேரத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்து, பாட்டு வெறும் பின்னணியாகிவிடுகிறது. அதே பதிப்பில் எம்டிகே என்னும் இசைக்கலைஞரின் பாட்டோடு வந்த டேஷ் என்னும் லெவல்தான் எனக்கு உண்மையான பரிசு. கேமரா சுழன்றாலும் விலகினாலும் அங்கே ஒவ்வொரு அசைவும் பாட்டுக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது.

விளம்பரங்களோடு இலவசமாகக் கிடைக்கும் லைட் பதிப்பில் தொடக்க லெவல்கள் இருப்பதால், முதலில் அதை ஆடிப் பார்க்கலாம். நாமே லெவல் அமைக்கும் கருவி கட்டணப் பதிப்பில்தான் உள்ளது. போலார்கைஸ்டின் வளையங்களைப் பாட்டோடு சேர்ந்து தொட்டு முடித்தபோது மகிழ்ச்சி வந்திருந்தால் பணம் கொடுத்து வாங்குங்கள். எரிச்சல் மட்டுமே வந்திருந்தால், பின்னால் வருபவை அதைக் கூட்டத்தான் செய்யும்.