'மெசையா' பாட எந்தப் புத்தகம்?

போன அக்டோபரில் முதல் பிராக்டிஸ். கேரல்ஸ் ஆராதனைக்கு ஹேண்டலின் 'மெசையா' என்ற நீண்ட இசைப் படைப்பிலிருந்து மூன்று கோரஸ் (எல்லாரும் சேர்ந்து பாடும் பாட்டு) பாடுவதென்று முடிவாகியிருந்தது. "முப்பத்தொன்பதை எடுங்க" என்றேன். கீபோர்டில் இருந்த தம்பி எடுத்துவிட்டான். கீழ்க்குரல் பாடும் பேஸ் வரிசையில் மட்டும் பக்கம் புரளும் சத்தம் ஓயவில்லை. "அண்ணே, இதுல முப்பத்தொன்பதுன்னா 'தேர் சவுண்ட் இஸ் கான் அவுட்'னுல்ல போட்டிருக்கு?" என்றார் ஒருவர்.

என் கையிலும் தம்பி கையிலும் இருந்தது பேரன்ரைட்டர் பதிப்பகத்தின் புத்தகம். அவர்களிடம் இருந்தது சபை அலமாரியிலிருந்து எடுத்த, நோவெல்லோ என்ற இன்னொரு பதிப்பகத்தின் பழைய புத்தகம். நோவெல்லோவில் மொத்தம் 53 எண்கள், 'அல்லேலூயா' 44. பேரன்ரைட்டரில் மொத்தமே 47 எண்கள்தான், 'அல்லேலூயா' 39. ஸ்வரமெல்லாம் ஒன்றுதான், எண்ணிக்கை முறை வேறு. இதற்குப் பின்னால் சொப்ரானோ பக்கத்திலிருந்து இன்னொரு குரல்: "எங்ககிட்ட நம்பரே இல்லையே." அவர்கள் வைத்திருந்தது யாரோ வாட்ஸாப்பில் அனுப்பிய பிடிஎஃப். டெனரில் மூன்று பெரியவர்கள் எதையும் புரட்டவில்லை. அவர்கள் மடியில் டானிக் சோல்ஃபா நோட்டு, அதாவது டோ, ரே, மி என்று ஸ்வரத்தை எழுத்தால் குறிக்கும் நோட்டு.

அன்று ஒரு மணி நேரத்தில் பாதி இதிலேயே போனது. அதற்குப் பிறகுதான் நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தேன். எங்களுடையது 34 பேர் கொயர். ஐந்து கோட்டில் ஸ்வரம் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனைத் தடையில்லாமல் வாசிப்பவர்கள் பத்துப் பேர் தேறுவார்கள். உங்கள் குழு இதைவிடத் தேர்ந்ததென்றால் என் முடிவு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

பழைய நோவெல்லோவும் புதிய நோவெல்லோவும்

நோவெல்லோ என்றால் ஒரே புத்தகம் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் அலமாரியில் ராமபாணப் பூச்சி அரித்த அட்டையோடு கிடப்பது எபனேசர் பிரவுட் 1902-ல் கொண்டுவந்த பதிப்பு. இன்று கடையில் நோவெல்லோ 'மெசையா' கேட்டால் கிடைப்பது வாட்கின்ஸ் ஷா தொகுத்தது. 1959-ல் வந்து, 1992-ல் திருத்தப்பட்டது. இரண்டிலும் பாட்டு எண்கள் ஒன்றே, பக்க எண்கள் வேறு. ஆகவே இரண்டும் கலந்திருக்கும் குழுவில் "பக்கம் நூற்றெழுபதை எடுங்க" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள்.

பிரவுட் பதிப்பின் குறை, அதில் ஹேண்டலைவிட பிரவுட் அதிகம் பேசுவதுதான். ஹேண்டல் 1741 ஆகஸ்ட் 22-ல் தொடங்கி செப்டம்பர் 14-ல் முடித்த வேலை இது, 24 நாள். எங்கே மெதுவாக, எங்கே பலமாக என்று அவர் குறித்தது மிகக் குறைவு. பிரவுட் காலத்தில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடும் பெரிய கொயர்கள் வழக்கத்தில் இருந்தன. அந்தக் காலத்து ருசிக்கு ஏற்றபடி வரிக்கு வரி கிரெசெண்டோவும் (படிப்படியாகக் கூட்டு) பியானிசிமோவும் (மிக மென்மையாக) உள்ளே வந்துவிட்டன. எது அவர் எழுதியது, எது இவர் சேர்த்தது என்று பாடுபவருக்குத் தெரியாது. எங்கள் ஆல்ட்டோக்கள் அந்தக் குறிகளை வேதவாக்காக எடுத்துக்கொண்டு குரலை இழுத்து இழுத்து விட, வேகமே செத்துப்போகும். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அச்சில் இருக்கிறதே!

ஷா பதிப்பில் இந்தக் குழப்பம் இல்லை. அவருடைய யோசனைகள் சின்ன எழுத்தில் தனியாகத் தெரியும். கீபோர்டு பகுதியும் இரண்டு கைக்குள் அடங்குகிறது. எங்கள் தம்பி இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டு, "பழசுல வாசிச்சா கை வலிக்கு அண்ணே" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

பேரன்ரைட்டர்: நல்ல புத்தகம்தான், ஆனால்...

ஜான் டோபின் தொகுத்து 1965-ல் ஹாலே ஹேண்டல் பதிப்பு என்ற ஆய்வுப் பதிப்பு வரிசையில் வந்தது இது. தாளும் அச்சும் கண்ணுக்கு இதம். பாடல் வரிகள் ஆங்கிலம், ஜெர்மன் என இரண்டு வரியாக ஓடும். இந்த இரண்டாவது வரி ஐரோப்பாவில் வசதியாக இருக்கலாம், எங்கள் பேஸ் வரிசையில் அது தொல்லை. ஏற்கெனவே ஆங்கில வரிக்கு மேல் பென்சிலால் 'ஃபார் த லார்ட் காட் ஆம்னிபொட்டன்ட் ரெய்னெத்' என்று தமிழில் எழுதிக்கொள்கிறவர்கள் அவர்கள். எழுத இடம் இல்லாமல் போய்விடுகிறது.

ஆய்வுத் துல்லியத்துக்காக விலை கூடிய பதிப்பு வாங்க வேண்டுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. 'மெசையா'வை ஹேண்டல் ஒவ்வொரு வருடமும் கையில் கிடைத்த பாடகர்களுக்கேற்ப மாற்றிக்கொண்டே இருந்தார். 1742 ஏப்ரல் 13-ல் டப்ளினில் முதலில் பாடியதற்கும் 1750-களில் லண்டனில் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல் என்ற கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்தில் பாடியதற்கும் இடையே எத்தனையோ வித்தியாசம். ஆனால் அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை தனிப்பாடல்களில். உதாரணம் 'பட் ஹூ மே அபைட்'. 1741-ல் பேஸுக்கு எழுதியதை, 1750-ல் குவதாஞ்ஞி என்ற ஆல்ட்டோ பாடகருக்காக வேறு மாதிரி எழுதினார். பழைய பதிப்புகள் அந்தப் புது இசையைத் தூக்கி மறுபடி பேஸுக்கே கொடுத்துவிட்டன. தனிப்பாடகரோடு முழுப் படைப்பையும் பாடுகிறவர்களுக்கு இது முக்கியம், அவர்கள் ஷாவோ பேரன்ரைட்டரோ கட்டாயம் வாங்கத்தான் வேண்டும். மூன்று கோரஸ் மட்டும் பாடும் சபைக் கொயருக்கு? 'அல்லேலூயா'வில் நான்கு பதிப்பையும் வரி வரியாக ஒப்பிட்டேன். குரல் பகுதியில் எங்கள் காதுக்கு எட்டும் வித்தியாசம் எதுவும் இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டு, பீட்டர்ஸ், ஷிர்மர் பதிப்புகளும் உண்டு. அவற்றை வைத்து நாங்கள் பாடியதில்லை, அதனால் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

இலவசப் பிடிஎஃப்

இணையத்தில் இரண்டு பெரிய களஞ்சியங்கள். 1998-ல் தொடங்கிய சிபிடிஎல் கோரஸ் பாட்டுகளுக்கென்றே உள்ளது. ஆர்வலர்கள் கணினியில் புதிதாக அச்சுக்கோத்தவை அதில் நிறைய. 2006-ல் வந்த ஐஎம்எஸ்எல்பி பெரும்பாலும் பழைய புத்தகங்களின் ஸ்கேன். இரண்டையும் ஒன்றென்று நினைத்து "இலவசமாக் கிடைக்குது" என்று பிரிண்ட் எடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஸ்கேனை ஏ4 தாளில் ஜெராக்ஸ் போட்டபோது ஸ்டாஃபின் ஐந்து கோடும் ஒன்றோடொன்று ஈஷிக்கொண்டன. ஐம்பது வயது தாண்டியவர்கள் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டார்கள்.

சிபிடிஎல் கோப்புகள் அச்சுக்குத் தெளிவாக வரும். பலவற்றோடு, கணினியே வாசித்துக் காட்டும் மிடி கோப்பும் இருக்கும். டெனருக்குத் தனியாக, ஆல்ட்டோவுக்குத் தனியாகப் போட்டு அனுப்பலாம், வீட்டில் கேட்டுப் படித்து வருவார்கள். ஆனால் தரம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே பாட்டுக்கு நான்கைந்து பேர் ஏற்றியிருப்பார்கள். ஒன்றில் கீபோர்டு பகுதியே இருக்காது, இன்னொன்றில் ஷார்ப் ஒன்று விட்டுப்போயிருக்கும். நான் செய்வது இதுதான்: கோரஸ் தொடங்குமிடம், சுருதி மாறுமிடம், கடைசி எட்டு பார் (தாளக்கட்டம்) ஆகிய மூன்று இடங்களை ஐஎம்எஸ்எல்பி ஸ்கேனோடு வைத்துப் பார்ப்பேன். மூன்றிலும் தப்பு இல்லையென்றால் ஆர்கனில் ஒருமுறை முழுதாக வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பிரிண்ட்.

சட்டம் பற்றி நாலு வார்த்தை, ஏனென்றால் சபைகளில் இதை யாரும் கேட்பதே இல்லை. ஹேண்டல் இறந்தது 1759, அவர் இசை எவருக்கும் சொந்தமில்லை. பிரவுட் 1909-ல் இறந்தவர், அதுவும் பொதுச்சொத்து. ஆனால் வாட்கின்ஸ் ஷா இறந்தது 1996. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடம், அதாவது 2056 முடியும்வரை அவர் பதிப்புக்குக் காப்புரிமை உண்டு. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன் 52ஆம் பிரிவு, கட்டணமில்லாமல் அமெச்சூர் குழு பாடுவதற்கும், மத நிறுவனத்தின் நலனுக்காகப் பாடுவதற்கும் விலக்குத் தருகிறது. அந்த விலக்கு பாடுவதற்குத்தான். ஒரு ஷா புத்தகம் வாங்கி 33 ஜெராக்ஸ் போடுவதற்கு அல்ல. ஆராதனைக்குத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வது நம் வழக்கம். இலவசமாக முறையாகக் கிடைக்கும்போது அந்தப் பாவம் எதற்கு?

சோல்ஃபா நோட்டு

இங்கேதான் என் மனம் மாறியது. சாரா குளோவர் தொடங்கிய முறையை எடுத்து ஜான் கர்வன் 19ஆம் நூற்றாண்டில் பரப்பியது டானிக் சோல்ஃபா. மிஷனரிகளோடு உலகமெல்லாம் போயிற்று. நோவெல்லோவே ஒரு காலத்தில் சோல்ஃபா பதிப்புகள் அச்சிட்டது. மிசோரமில் இன்றும் இதுதான் உயிரோடு இருக்கிறது. எங்கள் ஊரில் அறுபதைத் தாண்டியவர்களோடு முடிந்துவிடும் போலிருந்தது.

'அல்லேலூயா' டி மேஜர். சொப்ரானோவின் முதல் நான்கு ஸ்வரம் சோல்ஃபாவில் மேல் டோ, சோ, லா, சோ. நம் முறையில் மேல் ஸட்ஜம், ப, த, ப. ஆதார ஸ்ருதி எங்கே வைத்தாலும் ஸட்ஜம் ஸட்ஜம்தான் என்ற பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. சோல்ஃபாவும் அதே கொள்கை. அதனால் கீர்த்தனை பாடிப் பழகிய அக்காமார் ஸ்டாஃபில் ஒரு மாதம் திணறியதை இதில் இரண்டு பிராக்டிஸில் பிடித்துவிட்டார்கள்.

ஒரு கண்ணி மட்டும் உண்டு. சோல்ஃபாவின் 'டி' (d) என்ற எழுத்து ஸட்ஜம், கர்நாடக சங்கீதப் புத்தகத்தின் ஆங்கில 'டி' தைவதம். அங்கே 'எஸ்' பஞ்சமம், இங்கே 'எஸ்' ஸட்ஜம். அங்கே 'எம்' காந்தாரம், இங்கே மத்யமம். 'ஆர்' மட்டும்தான் இரண்டிலும் ரிஷபம். கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்த ஒரு தங்கை முதல் நாள் பாடியதைக் கேட்டு ஹால் முழுக்கச் சிரித்தது. பிறகு அவளுக்காகத் தமிழிலேயே ஸ ரி க ம எழுதிக் கொடுத்தோம், பிரச்சினை தீர்ந்தது.

சோல்ஃபாவுக்கு எல்லையும் உண்டு. சுருதி மாறும் இடத்தில் பழைய பெயரைச் சின்னதாகவும் புதுப் பெயரைப் பெரிதாகவும் சேர்த்துப் போடுவார்கள், அதைப் பாதிப் பேர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் வேக ஓட்டங்கள். 'ஃபார் அன்டு அஸ் எ சைல்டு இஸ் பார்ன்' கோரஸை ஹேண்டல் தான் 1741 ஜூலையில் எழுதிய இத்தாலிய டூயட்டிலிருந்து எடுத்தார். இரண்டு தேர்ந்த தனிக்குரல்களுக்கு எழுதிய ஓட்டம் அது. ஸ்டாஃபில் ஏறுவதும் இறங்குவதும் படமாகத் தெரியும். சோல்ஃபாவில் அது புள்ளியும் கமாவும் விரவிய எழுத்துக் கூட்டம். டெனர் பெரியவர்களில் ஒருவர், "தம்பி, இது எறும்பு ஊர்ற மாதிரில்லா இருக்கு" என்றார். அந்தக் கோரஸுக்கு மட்டும் அவர்களும் காதால் கேட்டுத்தான் படித்தார்கள்.

டிரம்பெட் காரர்

வாத்தியக் குழுவுக்கு ஒரு எச்சரிக்கை. எங்களிடம் இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு டிரம்பெட். வயலின் பார்ட்டுகளை ஐஎம்எஸ்எல்பியிலிருந்து அப்படியே எடுத்தோம், குறையில்லை. டிரம்பெட் பார்ட் டி டிரம்பெட்டுக்கு உரியது. பேண்டில் வாசிக்கும் நம் ஆட்களிடம் இருப்பதோ பி ஃபிளாட். அப்படியே தாளை நீட்டினால் வேறு சுருதியில் ஊதுவார். அவருக்கு நான்கு ஷார்ப் கொண்ட ஈ மேஜரில் எழுதித் தர வேண்டும். மியூஸ்கோர் மென்பொருள் இலவசம், பார்ட்டை உள்ளிட்டுவிட்டால் ஒரு கட்டளையில் மாற்றித் தரும். நாங்கள் கையால் எழுதி இரண்டு இடத்தில் தப்புவிட்டோம்.

டேப்லெட் வைத்துப் பாடுவதைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். கீபோர்டு தம்பிக்குச் சரி. 34 பேருக்கு யார் வாங்கித் தருவது?

கடைசியில் எதை எடுத்தோம்

ஷா பதிப்பு இரண்டே பிரதி வாங்கினோம், எனக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று. என் பேரன்ரைட்டர் வீட்டுக்குப் போய்விட்டது. பாடுபவர்களுக்கு சிபிடிஎல் அச்சு, ஏ4-ல் இருபுறமும். சோல்ஃபாகாரர்களுக்கும் ஸ ரி க ம தங்கைக்கும் தனித் தாள். பழைய பிரவுட் அலமாரிக்கே திரும்பியது. வயதானவர்களுக்கு அதை விட மனமில்லை, தாத்தா பெயர் எழுதிய பிரதி ஒன்று அதில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் ஐந்து பாருக்கு ஒருமுறை பார் எண்ணைச் சிவப்பு மையால் எழுதினோம். இரண்டு பேர், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மூன்று மணி நேரம். அடுத்த பிராக்டிஸில் நான் பாட்டு எண்ணும் சொல்லவில்லை, பக்கமும் சொல்லவில்லை. "அல்லேலூயா, முப்பத்துமூணாவது பார், பேஸ் மட்டும்" என்றேன். டெனர் பெரியவர் தன் தாளில் விரல் வைத்து, பேஸ் வரிசையைத் திரும்பிப் பார்த்து, "இங்கெ இருக்குடே" என்று காட்டினார்.