ஃபயர்வால் பெட்டில இஎம்எம்சி போயிடுச்சு, பதிலுக்கு போட்ட டிரான்சென்ட் எம்டிஎஸ்430எஸ் எப்படி இருக்கு

முதல்லயே சொல்லிடறேன், எஸ்எஸ்டி ஸ்பீடு எவ்வளவு, பெஞ்ச்மார்க் எவ்வளவுன்னு பாக்க வந்தீங்கன்னா இந்த ரிவ்யூ உங்களுக்கு இல்ல. ஃபயர்வால் பெட்டிக்குள்ள (நெட்டுக்கும் நம்ம நெட்வொர்க்குக்கும் நடுவுல காவல் நிக்கற சின்ன கம்ப்யூட்டர்) போர்டுலயே சால்டர் பண்ணி வர்ற இஎம்எம்சி சிப்பு (டிஸ்க் வேலை பாக்கற ஃபிளாஷ் மெமரி) செத்துப்போய், வாரண்டியும் முடிஞ்சு, "புது பெட்டி வாங்கிக்கோங்க"ன்னு பதில் வாங்கினவங்களுக்காக எழுதறேன். எனக்கும் அதே பதில்தான் வந்துச்சு. பெட்டி எந்த கம்பெனின்னு கேக்காதீங்க, சின்ன ஃபயர்வால் பெட்டிகள் நெறைய இதே மாதிரி 8 ஜிபி, 16 ஜிபி இஎம்எம்சியோடதான் வருது, அதனால பேர் தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. ப்ராசஸர் நல்லா இருக்கு, ரேம் நல்லா இருக்கு, போர்ட் எல்லாம் நல்லா இருக்கு, நகத்தளவு சிப்பு ஒண்ணு போனதுக்கு முழுப் பெட்டியையும் தூக்கிப் போடணுமாம், என்ன நியாயம் இது.

எதனால போகுதுன்னா, லாக்குதான், அதாவது நடக்கறதை எல்லாம் எழுதி வெக்கற பதிவு. ஃபயர்வால் சும்மா இருக்கறதே இல்ல, பிளாக் பண்ண ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு வரி, டிஎச்சிபி லீஸுக்கு (கருவிக்கு ஐபி முகவரி கொடுக்கறது) ஒரு வரி, கிராஃபுக்கு டேட்டா, மேல சூரிகாட்டா, பிஎஃப்பிளாக்கர் மாதிரி தாக்குதல் பிடிக்கற, விளம்பரம் தடுக்கற எதையாவது ஏத்தி வெச்சிருந்தா கேக்கவே வேணாம். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வால் சாஃப்ட்வேருக்கு அடிப்படையான ஃப்ரீபிஎஸ்டில இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போட்டிருந்தா டீஃபால்ட்டா 5 செகண்டுக்கு ஒரு தடவை சேத்து வெச்சதை டிஸ்க்ல இறக்கும், லாக் வரி நூறு பைட்டுதான் இருக்கும், ஆனா ஃபிளாஷ்ல எழுதும்போது கிலோபைட் கணக்குல ஒரு முழு பேஜா எழுதணும், அழிக்கறதுன்னா அதைவிட பெரிய பிளாக்கா அழிக்கணும், கூடவே மெட்டாடேட்டா வேற. ஒரு டம்ளர் தண்ணிக்கு குடத்தையே கவுக்கற கதைதான்.

ஒரு பேச்சுக்கு கணக்கு போடுங்க. செகண்டுக்கு சராசரி 300 கிலோபைட் எழுதுதுன்னா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 26 ஜிபி ஆகுது. 8 ஜிபி சிப்புன்னா தினமும் மூணு தடவைக்கு மேல முழுசா எழுதி அழிச்ச மாதிரி. ஒரு செல் 3000 தடவை தாங்கும்னு வெச்சுக்கிட்டா ரெண்டரை வருஷம்தான் வருது. அதே 26 ஜிபி 128 ஜிபி எஸ்எஸ்டில எழுதினா அஞ்சுல ஒரு பங்குதான், காகிதத்துல 40 வருஷம் காட்டும். 40 வருஷம் யாரும் அந்த பெட்டியை வெச்சிருக்கப் போறதில்ல, விஷயம் அது இல்ல. இடம் பெருசா இருந்தா தேய்மானம் பரவிடும், அவ்ளோதான்.

இதுல மோசமான விஷயம், டிஸ்க் செத்தாலும் ஃபயர்வால் உடனே நிக்காது. ரூல் எல்லாம் ரேம்ல இருந்து ஓடுது, நெட் வந்துக்கிட்டே இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. ஃபயர்வாலோட செட்டிங் வெப் பக்கம் இழுக்கும், செட்டிங் சேவ் பண்ணா தொங்கும், கன்சோல்ல எம்எம்சிஎஸ்டி (இஎம்எம்சி டிரைவர்) டைம்அவுட்னு வரி வரியா எர்ரர் கொட்டும். இந்த நேரத்துல "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாப்போம்"னு கை வெச்சீங்கன்னா கதை முடிஞ்சுது, திரும்ப எழுந்திருக்காது. முதல் வேலையா கான்ஃபிக் எக்ஸ்எம்எல்லை எடுத்து வேற கம்ப்யூட்டர்ல வெச்சுக்கணும். பிஎஃப்சென்ஸோ ஓபிஎன்சென்ஸோ ரெண்டுலயும் மொத்த கான்ஃபிகும் அந்த ஒரே ஃபைல்தான், வெப்ல எடுக்க முடியலன்னா வேற கம்ப்யூட்டர்லேர்ந்து கமாண்ட் வழியா எஸ்எஸ்எச்ல போய் திரைல கொட்டவிட்டு காப்பி பண்ணிக்கிட்டாலும் போதும்.

சரி, எஸ்எஸ்டிக்கு வர்றேன். நான் போட்டது டிரான்சென்ட் எம்டிஎஸ்430எஸ், 128 ஜிபி. எம்.2 2242 சைஸ், அதாவது 22 மிமீ அகலம் 42 மிமீ நீளம், சாட்டா (டிஸ்க் பேசற பழைய, மெதுவான முறை), பி+எம் கீ, அதாவது காண்டாக்ட் பக்கம் ரெண்டு வெட்டு இருக்கும். இதை எடுத்ததுக்கு காரணம் பிராண்டு இல்ல, சைஸ்தான். சின்ன பெட்டிகள்ல 2280க்கு இடமே இருக்காது, மார்க்கெட்ல பாத்தா எங்க பாத்தாலும் 2280 என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான புது முறை), 2242ல சாட்டா தேடினா விரல் விட்டு எண்ணிடலாம்.

வாங்கறதுக்கு முன்னாடி பெட்டியைத் திறந்து ஸ்லாட்டைப் பாருங்க, மேனுவலையும் பாருங்க, ரெண்டும் பாருங்க. எம்.2 ஸ்லாட் இருக்குன்னா எல்லா எம்.2வும் ஓடும்னு அர்த்தம் இல்ல. பி கீ ஸ்லாட்ல சாட்டா ஓடலாம், இல்லன்னா அது வெறும் எல்டிஇ மோடத்துக்கு வெச்ச ஸ்லாட்டா இருந்து யூஎஸ்பி மட்டும் வரலாம், பாக்க ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஸ்க்ரூ வேற தனிக் கதை, எம்.2 எஸ்எஸ்டி வர்ற அட்டைப்பெட்டில பெரும்பாலும் ஸ்க்ரூ இருக்காது, போர்டுலயும் இல்லன்னா எம்2 சைஸ் (2 மிமீ தடிமன்) ஸ்க்ரூ ஒண்ணு முன்னாடியே தேடி வெச்சுக்கோங்க.

மாட்டறது சுலபம். சாய்வா சொருகி அழுத்தி ஸ்க்ரூ போட்டா முடிஞ்சுது. இன்ஸ்டாலும் அப்படித்தான், யூஎஸ்பில இமேஜ் போட்டு, சீரியல் கன்சோல் வேகத்தை 115200ல வெச்சு (பெட்டிக்கு பெட்டி மாறலாம்), டிஸ்க் லிஸ்ட்ல புதுசா தெரியற ஏடிஏ0வைத் தேர்ந்தெடுத்தா ஆச்சு.

தலைவலி அதுக்கப்புறம்தான். செத்த சிப்பு போர்டுலயே இருக்கு இல்லையா, அதைக் கழட்ட முடியாது. முழுசா செத்திருந்தா பூட் ஆகறப்போ அதைத் தட்டி தட்டிப் பாத்துட்டு டைம்அவுட் ஆகற வரைக்கும் நம்மளை உக்கார வைக்கும். பாதி உயிரோட இருந்தா இன்னும் மோசம், பழைய இசட்எஃப்எஸ் பூல் (டேட்டா இருக்கற தொகுப்பு) அதுல அப்படியே இருக்கும், புது டிஸ்க்ல இருக்கற பூலுக்கும் அதே பேர், பூட் லோடர் எதைப் பிடிக்கும்னு நம்ம கைல இல்ல. அதனால எழுத முடியற நிலைல இருந்தா பழைய சிப்புல இருக்கற பூல் லேபிளை அழிச்சுடணும், பூட் ஆர்டர்ல எஸ்எஸ்டியை மேல ஏத்தணும், பயாஸ்ல இஎம்எம்சியை ஆஃப் பண்ண வழி இருந்தா அதுதான் உத்தமம். ஆயுசு முடிஞ்ச இஎம்எம்சி சிலது ரீட் ஒன்லியா மாறிடும், அழிக்கவே விடாது, அப்போ பயாஸ்தான் கதி.

கான்ஃபிக் ரெஸ்டோர் பண்ணதும் எல்லாம் பழையபடி வந்துடுச்சு, போர்ட் பேர் மாறல ஏன்னா பெட்டி அதேதான். சில மாசமா ஓடுது, ஒரு எர்ரர் கூட கன்சோல்ல இல்ல. வெப் பக்கம் சட்டுனு திறக்குது, அப்டேட் போடறப்போ முன்னாடி டீ குடிச்சுட்டு வரலாம், இப்போ முடியாது. நெட் ஸ்பீடு ஒரு பைசா கூட கூடல, கூடவும் கூடாது, பாக்கெட் போற பாதைல டிஸ்குக்கு வேலையே இல்ல.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ஸ்மார்ட் ரிப்போர்ட், அதாவது டிஸ்க் தன்னோட உடல்நிலையைத் தானே சொல்றது. அதை எடுக்கற ஸ்மார்ட்சிடிஎல் டூல் இஎம்எம்சியைப் படிக்காது. இஎம்எம்சி 5.0லேர்ந்து சிப்புக்குள்ளயே தேய்மானம் 1லேர்ந்து 11 வரைக்கும் ஒரு நம்பரா இருக்கு, 1ன்னா 10 சதவீதத்துக்குள்ள, 11ன்னா போட்ட ஆயுசைத் தாண்டிடுச்சு, ஆனா அதைப் பாக்க எம்எம்சி-யூட்டில்ஸ்னு தனியா ஒரு டூல் வேணும், யாரு போய் பாக்கறது. எஸ்எஸ்டின்னா எவ்வளவு எழுதியிருக்கு, சூடு எவ்வளவு, எல்லாம் வெப் பக்கத்துலயே பாத்துக்கலாம். சூடு பத்தி சொன்னா, ஃபேன் இல்லாத பெட்டில சாட்டாவே நல்லது, என்விஎம்இ பொதுவா இன்னும் சூடாகும், நமக்கு அந்த வேகம் தேவையும் இல்ல.

எஸ்எஸ்டி வந்துடுச்சுன்னு லாக்கை அவுத்து விட்டுடாதீங்க. டீஃபால்ட் பிளாக் ரூல் லாக்கை நான் ஆஃப் பண்ணிட்டேன், மீதி முக்கியமான லாக் எல்லாம் சிஸ்லாக் சர்வருக்கு (லாக்கை வாங்கி வெக்கற வேற கம்ப்யூட்டர்) போகுது. ரேமையே டிஸ்க் மாதிரி வெச்சு லாக் எழுதற ரேம் டிஸ்க் ஆப்ஷனும் இருக்கு, கரண்ட் போனா லாக் போயிடும், அது பரவாயில்லன்னா போட்டுக்கலாம்.

யாருக்கு இது ஆகாதுன்னா, என்விஎம்இ மட்டும் எடுக்கற எம் கீ ஸ்லாட் வெச்சிருக்கறவங்களுக்கு. பி+எம் கீ அதுல அழகா உள்ள போகும், ஆனா டிஸ்க் லிஸ்ட்ல தெரியவே தெரியாது. ஸ்லாட்டே இல்லாத பெட்டின்னா யூஎஸ்பில எஸ்எஸ்டி மாட்டி பூட் பண்ணலாம், பென்டிரைவ் மட்டும் வேணாம், அதுவும் இதே லாக்லதான் சாகும்.