அரிசிம்பருப்பா, பள்ளிபாளையம் சிக்கனா?

ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் மகள், கோபியில் இருக்கும் எனக்குப் போன் செய்தாள்: "ஞாயித்துக்கிழமை இவங்களுக்கு நம்மூர்ச் சமையல். எதைச் செய்யட்டுங்மா?"

பள்ளிபாளையம் சிக்கனுக்கு மசாலாப் பொடியே வேண்டாம். ஆனால் அதன் உயிரே வரமிளகாய். விதையை உதறிவிட்டுப் போட்டாலும் எண்ணெயில் வதங்கும் நெடி வீடெல்லாம் ஏறும். அடுத்தவர் அடுப்பங்கரையில் அது சங்கடம்.

அரிசிம்பருப்பு ஒரே குக்கரில் முடியும். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். சீரகம், மிளகு, பூண்டு தட்டிப் போட்டு, ஈரோட்டு மஞ்சள் ஒரு சிட்டிகை. சின்ன வெங்காயம் கிடைக்காவிட்டால் பெரியது; ருசி கொஞ்சம் குறையும், சரி. மூடியைத் திறந்ததும் நெய் விட்டால் குழைந்த சோறு மஞ்சளாய் மினுங்கும். மிளகைக் குறைத்தால் அந்த வீட்டுக் குழந்தைகளும் சாப்பிடுவார்கள். அதையே செய்யச் சொன்னேன். சிக்கன், அவர்களுக்குக் காரம் பழகிய அப்புறம்.