பழைய டிராக்டரின் கியர் பாக்ஸைப் பிரிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

எங்கள் பழைய டிராக்டரில் இருந்த கோளாறு ஒன்றே ஒன்றுதான். லோடோடு பள்ளத்தில் இறங்கும்போது மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். பின்னால் டிரெய்லர் தள்ளுகிற நேரத்தில் இன்ஜின் பிடி விட்டுப்போனால் பிரேக்கை மட்டும் நம்பித்தான் இறங்க வேண்டும், உயிர் போகிற விஷயம் என்பதால் உடனே வேலைக்கு விட்டோம்.

மெக்கானிக் மூடியைக்கூடத் திறக்காமல் "உள்ளே எல்லா கியரும் போச்சு, செட்டா மாத்தணும்" என்றார். எப்படியும் வண்டியை இரண்டாகப் பிரிக்கிறோம், கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடியையும் மாற்றினால் ரோட்டில் வேகமாக ஓடும் என்று வேறு ஆசை காட்டினார். வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னோம். வண்டியை எடுக்கப் போனால் அதுவும் பில்லில் இருக்கிறது! கழற்றிய சாமான்கள் எங்கே என்றால், ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

கொஞ்ச நாளில் பின்பக்கம் ஊளைச் சத்தம். பின்னால் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் மெதுவாக ஏறியது. அப்புறம் அதே மூன்றாவது கியர் மறுபடியும் கழன்றது.

வேறொரு மெக்கானிக் எங்கள் கண் முன்னாலேயே திறந்தார். கியரைத் தள்ளி மாற்றும் கவை போன்ற செலக்டர் ஃபோர்க் பழசு, கியரில் உரசும் முகம் ஒரு பக்கமாகத் தேய்ந்து மெலிந்திருந்தது. கியர் கழன்றதற்கு அதுதான் காரணம். முதல் மெக்கானிக் அதை மாற்றாமல், ஃபோர்க் மாட்டியிருக்கும் ஷிஃப்டர் ராடைப் பிடித்து நிறுத்தும் குண்டுக்கு மேலிருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு வாஷரைச் சொருகி இறுக்கம் கூட்டியிருக்கிறார். புதுசு என்று பில் போட்ட பேரிங்கின் தடத்தில் விரலை ஓட்டினால் குழி தட்டியது. சத்தத்தை மறைக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றியிருக்கிறார். எங்கள் வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில், லிஃப்ட் திணறியது அதனால்தான்.

கிரவுன் பினியனைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. இந்த இரண்டையும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தி ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புவார்கள். எங்கள் வண்டியில் கிரவுனில் ஒரு எண், பினியனில் வேறொரு எண், இரண்டு பழைய வண்டிகளிலிருந்து கழற்றி மாட்டியது. பல் ஓரத்தில் மட்டும் பட்டு அதற்குள் உதிரத் தொடங்கியிருந்தது. வேகம் கூடியது உண்மைதான், பிரேக் அதே பழைய பிரேக். முதல் கியரே வேகமாகப் போவதால் மண்ணைக் கிளறியபடி மெதுவாகப் போக வேண்டிய ரோட்டவேட்டரை ஓட்டக் கிளட்சைப் பாதி மிதித்தே இருக்க வேண்டியிருந்தது, அப்படி ஓட்டினால் கிளட்ச் தட்டு கருகிப்போகும்.

கியர் கழல்கிறது என்றால் ஃபோர்க், ஸ்பிரிங், பேரிங் ஆட்டம், பல் முனை உருண்டது என எதுவாகவும் இருக்கலாம். திறந்து காட்டாமல் மொத்த செட் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கழற்றிய ஒவ்வொரு சாமானும் உங்கள் கைக்கு வரும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். கிரவுன் பினியனில் கை வைத்தால் இரண்டின் எண்ணையும் போட்டோ எடுத்து, டயல் கேஜ் என்ற அளவுக் கருவியை வைத்துப் பல் இடைவெளியை அளந்து, நிறம் தடவிப் பல் எங்கே படுகிறது என்று காட்டிய பிறகே மூட விடுங்கள்.