வில்லைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்: நூல் கட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது என்ன

மெல்லிய பட்டைகளாக அறுத்த மரத்தையும் ஃபைபர் கிளாஸையும் ஒட்டி வீட்டிலேயே வில் செய்கிறவர்கள், அதில் குறை தெரிந்து யாரிடமாவது சரிசெய்யக் கொடுக்க நினைத்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். பணம் போனதற்காக மட்டும் எழுதவில்லை. எனக்குத் திரும்பி வந்த வில்லை முழுதாக இழுத்திருந்தால் முகத்துக்கு நேராக வெடித்திருக்கும்.

ஒரே துண்டாக உள்ள ரீகர்வ் வில் அது, அதாவது நுனிகள் எதிர்ப்பக்கம் வளைந்த வில். நடுவில் மேப்பிள் பட்டைகள், அதன்மேல் கருமையான வெனியர் (மெல்லிய மரத்தகடு), இரண்டு முகத்திலும் நிறமில்லாத ஃபைபர் கிளாஸ். அதில் இரண்டு குறைகள் இருந்தன. கீழ் லிம்பில் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிதான் லிம்ப்), கைப்பிடிக் கட்டை சரிந்து மெலிந்து முடிகிற இடத்தில், கிளாஸுக்கு அடியில் பால் சிந்தியதைப் போல ஒரு வெள்ளைத் திட்டு. ஓரத்தில் தொடங்கி உள்ளே பரவியிருந்தது. அந்த இடத்தில் ஒட்டு விட்டிருக்கிறது என்று அர்த்தம். மேல் லிம்பின் நுனி லேசாக முறுக்கியிருந்ததால் நாண் அதன் பள்ளத்தில் நடுவாக உட்காராமல் ஒரு பக்கம் சாய்ந்தது. கையால் செய்யும் வில்லில் இந்த இரண்டும் வழக்கமாக வரக்கூடியவைதான், இரண்டுக்கும் வழி உண்டு.

ஒட்டு விட்ட இடத்தைச் சரிசெய்ய வெப்பப் பெட்டி இருந்தால் நல்லது. என்னிடம் அது இல்லை. அதனால் லேமினேட் வில், அதாவது இப்படி அடுக்குகளாக ஒட்டிய வில், பழுதுபார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவரைப் பிடித்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. இடைவெளியைத் திறந்து, சுத்தம் செய்து, நீர்த்த எபாக்ஸி (பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் கலந்த பசை) செலுத்தி, பெட்டியில் வைத்துச் சூடேற்றி இறுக வைப்பதாகச் சொன்னார். நுனி முறுக்கலை லிம்பின் பக்கவாட்டை அரத்தால் தேய்த்து எடுப்பதாகச் சொன்னார். இரண்டுமே சரியான முறைகள். விஷயம் தெரிந்தவர் என்று நம்பி முழுத் தொகையையும் முன்பணமாகவே கொடுத்தேன்.

வில் பளபளப்பாகத் திரும்பி வந்தது. வெள்ளைத் திட்டு இருந்த இடத்தில் கறுப்பு நூல் நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் தடிமனாக அரக்குப் பூச்சு. போதாததற்கு, இரண்டு லிம்பின் ஓரங்களிலும் கறுப்புப் பெயின்ட். "வலுவுக்காக நூல், அழகுக்காகப் பெயின்ட்" என்றார். எனக்கு அங்கேயே உறுத்தியது. லேமினேட் வில்லின் ஓரம்தான் அதன் ஜாதகம். எத்தனை அடுக்கு, ஒட்டுக்கோடு எங்கே மெலிகிறது, எங்கே விரிகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அதை மூடுவதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது.

நாண் ஏற்றியதும் கீழ் லிம்பிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். கப்பி கட்டிய இழுவைச் சட்டத்தில் மாட்டி, தள்ளி நின்று கயிற்றால் மெதுவாக இழுத்தேன். பாதி இழுவை வருவதற்குள் மறுபடி அதே சத்தம், இப்போது அடுத்தடுத்து. நிறுத்திவிட்டு நாணைக் கழற்றினேன். நூல் கட்டை அறுத்தேன்.

கட்டுக்கு அடியில் வெள்ளைத் திட்டு அப்படியே இருந்தது. ஏற்கெனவே அனுப்பிய படத்தோடு ஒப்பிட்டால் பரப்பு கூடியிருந்தது. ஓரத்தில் மட்டும் கண்ணாடி போல ஏதோ உறைந்து, அதைச் சுற்றி வெண்புகை படிந்த மாதிரி ஒரு தடம். சூப்பர் க்ளூ விட்டுச்செல்லும் தடம் அது. சந்தேகத்தைத் தீர்க்கப் பஞ்சில் அசிட்டோன் நனைத்து ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். நன்றாக இறுகிய எபாக்ஸி அசிட்டோனுக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது. இது இளகிப் பிசுபிசுத்தது. எபாக்ஸியும் போடவில்லை, வெப்பப் பெட்டியிலும் வைக்கவில்லை. ஓரத்தில் நாலு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, நூலைச் சுற்றி மறைத்திருக்கிறார்.

இது ஏன் வெறும் மட்டமான வேலை அல்ல, ஆபத்தான வேலை என்று சொல்கிறேன். வில் வளையும்போது அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும். அந்த வழுக்கலைத் தடுப்பதுதான் ஒட்டின் வேலை. ஒரே கனமுள்ள இரண்டு பட்டைகளை ஒட்டாமல் வெறுமனே அடுக்கினால், ஒட்டிய நிலையில் இருக்கும் விறைப்பில் கால் பங்குதான் மிஞ்சும். நூல் கட்டு அடுக்குகள் வாய்பிளப்பதைக் கொஞ்சம் தடுக்கலாம். உள்ளே வழுக்குவதை அது தடுக்காது. அதுவும் கைப்பிடி மெலிந்து முடிகிற இடத்தில்தான் விறைப்பான பகுதி முடிந்து வளையும் பகுதி தொடங்குகிறது, அழுத்தம் அங்கே குவிகிறது. சூப்பர் க்ளூ கெட்டியானால் நொறுங்கும் தன்மை கொண்டது. திரும்பத் திரும்ப வளையும் லிம்பில், அந்த இடத்தில், அதை நம்பவே கூடாது.

இதைவிட எனக்கு அதிகமாக வலித்தது இன்னொன்று. சூப்பர் க்ளூ உள்ளே போய்ப் படிந்துவிட்டால், அப்புறம் எபாக்ஸி செலுத்தினாலும் அது மரத்தையும் கிளாஸையும் பிடிக்காது, நடுவில் இருக்கும் அந்தப் படலத்தைத்தான் பிடிக்கும். அதாவது நான் கொடுத்தபோது பிழைக்கக்கூடியதாக இருந்த வில், திரும்பி வந்தபோது பிழைக்க வழியில்லாததாகிவிட்டது.

மேல் லிம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முறுக்கலை எடுக்க லிம்பின் பக்கவாட்டைத் தேய்க்க வேண்டும். அவர் வெளிமுகத்து ஃபைபர் கிளாஸையே ஒரு பக்கமாகச் சாய்த்துத் தேய்த்திருந்தார். வில்லுக்கான கிளாஸில் எல்லா நாரும் நீளவாக்கில் ஒரே திசையில் ஓடும். இழுக்கும்போது வெளிமுகத்து நார்கள்தான் இழுவிசையைத் தாங்குகின்றன. சாய்த்துத் தேய்த்தால் அவை பாதியிலேயே அறுபடும், அறுபட்ட நுனி ஒவ்வொன்றும் சில்லு கிளம்புகிற இடம். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பூச்சுக்கு அடியில் நார் நுனிகள் மயிர் மாதிரி எழும்பி நின்றன.

வில்லின் இழுவை எடையும், அதாவது அதை இழுக்கத் தேவைப்படும் விசையும், குறைந்திருந்தது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. லிம்பின் அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். கனத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பு 27 சதவீதம் குறையும், ஏனென்றால் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஃபைபர் கிளாஸ் வில்லில் திருத்தத்தையெல்லாம் அகலத்தில் செய்வார்கள், கனத்தில் கை வைக்கத் தயங்குவார்கள்.

கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "வீட்டில் செய்த வில்லுக்கு நான் எப்படி உத்தரவாதம் தர முடியும்?" நான் செய்த வில்லுக்கு உத்தரவாதம் யார் கேட்டது? அவர் செய்வதாகச் சொன்ன வேலையை அவர் செய்தாரா என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதில் வரவில்லை. பணமும் வரவில்லை. கடைசியில் லிம்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். பசை ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர்தான் உள்ளே போயிருந்தது. அதற்கு அப்பால் காய்ந்த மரமும் காய்ந்த கிளாஸும். படங்களை அவருக்கு அனுப்பினேன், அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

சரி, முறையாகச் செய்தால் எப்படி இருந்திருக்கும் என்பதையும் சொல்கிறேன். தெரிந்திருந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது, பல வேலைகளை நீங்களே செய்துகொள்ளவும் முடியும்.

முதலில் ஒட்டு ஏன் விட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓரத்தை லேசாக விரித்து உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மரநார் கிழிந்து கிளாஸோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பசை நல்ல பசை, மரம்தான் விட்டுக்கொடுத்திருக்கிறது. பசைப்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகப் பிரிந்திருந்தால் மெழுகோ எண்ணெயோ பட்டிருக்கிறது, அல்லது உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்காமலே ஒட்டியிருக்கிறார்கள். அச்சில் ஒட்டாமல் இருக்கத் தடவும் மெழுகு கைவழியாக இப்படிப் பரவுவது உண்டு. பசை நகத்துக்குப் பதிகிற மாதிரி மென்மையாக இருந்தால் பிசினும் ஹார்டனரும் சரியான விகிதத்தில் கலக்கவில்லை. இந்த மூன்றாவது வகை வந்தால் ஒரு இடத்தை மட்டும் ஒட்டிப் பயனில்லை, அந்தக் கலவையால் ஒட்டிய எல்லா இடமும் சந்தேகம்தான். ஒட்டுக்கோட்டில் பசையே இல்லாமல் வறண்டிருந்தால், கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கி எபாக்ஸி முழுவதையும் பிதுக்கி வெளியேற்றியிருப்பார்கள். எபாக்ஸிக்கு அப்படிப்பட்ட இறுக்கம் தேவையில்லை. அடுக்குகள் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருக்கிற அளவுக்குச் சீரான அழுத்தம் போதும்.

அடுத்து, ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக்' என்று கணீரென ஒலிக்கும், விட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். எல்லையை மார்க்கரால் வரைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். விட்ட இடம் சிறியது, ஓரத்தில் இருக்கிறது, உள்ளே சுத்தமாக இருக்கிறது என்றால் லிம்பை லேசாக வளைத்து வாயைத் திறந்து, தூசியை ஊதி எடுத்துவிட்டு, லிம்பை இளஞ்சூடாக்கி எபாக்ஸியை விடுங்கள். சூட்டில் எபாக்ஸி நீர்த்து உள்ளே ஓடும். மெல்லிய நூலையோ பிளாஸ்டிக் தாளையோ இடைவெளிக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் பசை கடைசி மூலை வரை போய்ச் சேரும். நிறமில்லாத கிளாஸாக இருந்தால் வெள்ளைத் திட்டு மறைந்து வெனியரின் நிறம் தெரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மறையவில்லை என்றால் பசை போகவில்லை, வேறு விளக்கமே கிடையாது. பிறகு பரவலான கட்டை வைத்துக் கிளாம்ப் போட்டு, பசை தயாரித்தவர் குறிப்பிட்ட வெப்பத்தில் குறிப்பிட்ட நேரம் விட வேண்டும். அவசரப்படவே கூடாது.

விட்ட இடம் லிம்பின் முழு அகலத்துக்கும் பரவியிருந்தால் ஆசைப்படாதீர்கள். அந்தப் பக்கத்துக் கிளாஸை முழுவதும் எடுத்துவிட்டு, மரத்தை மறுபடி சமன்செய்து புதுப் பட்டை ஒட்டுவதுதான் வழி. பல நேரம் அதைவிடப் புதிய வில் செய்வது எளிது.

நுனி முறுக்கலுக்கு, விறைப்பு அதிகமாக உள்ள பக்கத்தின் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். சிறிது தேய்த்து, நாண் ஏற்றி, இழுத்து வளைத்து, பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். ஒரே மூச்சில் எடுக்கிற வேலை அல்ல. மிகச் சிறிய சாய்வு நாண் பள்ளத்தைத் திருத்தினாலே சரியாகிவிடும். லிம்பைச் சூடாக்கி எதிர்ப்பக்கம் திருகிப் பிடிக்கிறவர்களும் உண்டு. அது திரும்பி வரலாம், சூடு மிஞ்சினால் எபாக்ஸியே இளகும். கிளாஸைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் தோலை அரிக்கும், நுரையீரலுக்குள் போகவே விடக்கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

யாரிடமாவது கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன் இரண்டு லிம்பிலும் சம இடைவெளியில் கனத்தையும் அகலத்தையும் வெர்னியரால் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு ஓரத்திலும் தனித்தனியாக அளப்பது முக்கியம், என் மேல் லிம்பில் நடந்தது அப்படித்தான் பிடிபட்டது. 28 அங்குல இழுவையில் என்ன எடை காட்டுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பசை, எவ்வளவு வெப்பம் என்று எழுத்தில் கேளுங்கள். திறந்த ஒட்டைப் பசை போடும் முன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓரத்தில் பெயின்ட் அடிக்கக் கூடாது, நூல் சுற்றுவதாக இருந்தால் நான் பார்த்த பிறகுதான் என்று சொல்லிவிடுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிப்பவரிடம் கொடுக்காதீர்கள். என்ன ஆனாலும் முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள்.

இதைப் படிக்கும் யாரிடமாவது இப்படி நூல் சுற்றி, ஓரம் மறைத்துத் திரும்பி வந்த வில் இருந்தால், இப்போதே நாணைக் கழற்றிவிடுங்கள். கட்டைப் பிரித்துப் பார்க்கும் வரை கையால் இழுக்க வேண்டாம், பிள்ளைகள் கைக்கும் எட்டாமல் வையுங்கள். பிரித்த பிறகு தட்டிப் பாருங்கள், அசிட்டோன் வைத்துப் பாருங்கள். தட்டினால் ஓசை சரியாக இருந்தாலும், முதல் இழுவையைக் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கயிறும் கப்பியும் வைத்துத் தூரத்திலிருந்தே இழுங்கள்.